நாற்பதுக்கு அறுபது

சிவகங்கையிலிருந்து மூட்டையில் வருகிறது கிராஃபைட்.
வாளையாரில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.
கரி, என்கிறார் லாரிக்காரர்.
கரி, என்று எழுதிக்கொள்கிறார்கள்.
இரண்டு பாஷையிலும் அதே சொல்.

கஞ்சிக்கோட்டில், இரும்பாலையின் பின்சுவரை ஒட்டிய
எங்கள் தகரக் கூரைக்குக் கீழே
ஒரு கரண்டி மாவை அளந்து
என்.எம்.பி. என்கிற திரவத்தில் போடுவேன்.
மீன் கழுவிய தண்ணீர்போல் லேசாக நாறும்.
மற்றபடி நல்ல குணம்:
அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் நுழைந்து நின்றுகொண்டு
ஒன்றை ஒன்று அண்டவிடாது.

அடுக்குகளின் பிடி அப்படியொன்றும் பெரிதில்லை,
அதனால்தான் பென்சில் எழுதுகிறது.
ஆனால் விட்டும் தொலைக்காது.
பிரித்த கணமே தேடிப்போய் ஒட்டும்,
பாகம் பிரித்து வேலி போட்ட பங்காளிகள்
பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காருவதுபோல.

சோனிகேட்டரின் சத்தம் காதுக்கு எட்டாது,
கடைவாய்ப் பல்லுக்கு எட்டும்.
கோடிக் குமிழி பிறந்து, நசுங்கி, உதைக்கும்.
ஆறு மணி நேரம்.

மூன்று வருஷமாக அந்தப் புட்டியைத் திறந்தவள் நான்.
அதன் முதுகைத் திருப்பிப் படித்தது
மார்ச் பதினொன்றாம் தேதி:
கருவிலிருக்கும் குழந்தைக்குக் கேடு.
சிறிய எழுத்து. சிவப்புக் கட்டம்.
எனக்கு அப்போது ஏழாவது வாரம்.

சுனீப் சார் நல்லவர்.
'ஜெசிந்தா லீவ் எடுத்தோளூ' என்றார்.
லீவு எனக்கா, புட்டிக்கா, என்று கேட்டேன்.
விசிறி மூன்று சுற்று சுற்றும்வரை பதில் இல்லை.

தண்ணீரில் போட்டேன்.
மேலே ஆடையாய் மிதந்தது, நனையவே மாட்டேனென்றது.
தண்ணீர் தன்னையே இறுக்கிப் பிடித்துக்கொள்கிற ஜாதி.
எத்தனாலுக்கு எழுதிப் போட்டோம்.
அனுமதிக் காகிதம் வர இரண்டரை மாதம்,
அதற்குள் வயிறு மேஜையை இடித்தது.

வாளையாரில் கேனை இறக்கிவிட்டார்கள்.
பிரஜோஷ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பையன்
மூடியைத் திறந்தான், மூக்கை வைத்தான்,
காகிதத்தைப் பார்த்தான், என் வயிற்றைப் பார்த்தான்.
'ஸ்பிரிட் ஒழிச்சு கரி கழுகானோ?'
ஆமாம், கரி கழுவத்தான்.
நான் கொழிஞ்சாம்பாறைக்காரி.
கணக்கைத் தமிழில் போட்டேன், மலையாளத்தில் கெஞ்சினேன்,
கோபம் மட்டும் எந்தப் பேச்சில் வருமென்று
எனக்கே தெரியாது, வந்தபோது இரண்டும் கலந்தே வந்தது.
நாலு மணி நேரம் வெயிலில், கணவாய்க் காற்றில்,
புழுதி தின்றுகொண்டு நின்றேன்.

தனி எத்தனாலும் உதவவில்லை.
எல்லாவற்றுக்கும் வழிவிட்டு
எதையும் தாங்காமல் அடியில் படியவிட்டது.
பத்துக்குத் தொண்ணூறு. இருபதுக்கு எண்பது.
சூடேறாமல் சுற்றிலும் ஐஸ் கொட்டினாள் நபீசத்.
முப்பதில் ஒரு சாயல் தெரிந்து மறைந்தது.
நாற்பது எத்தனாலுக்கு அறுபது தண்ணீர்:
நின்றது.
(கடையில் விற்கிற பிராந்தியின் பலம்தான் ஏறக்குறைய.
பிரஜோஷுக்கு இதைச் சொல்ல முடியாது.)

மையவிலக்கில் சுழற்றிக் கனத்ததை அடியில் தள்ளி
மேல்தெளிவை மட்டும் வடித்தேன். சாம்பல் நிறம்.
கோட்டை மைதானத்தில் வாங்கிய
இருபது ரூபாய் லேசரை நபீசத் பக்கத்திலிருந்து அடித்தாள்.
தண்ணீருக்குள் சிவப்பாக ஒரு கோடு,
நூல் கட்டினாற்போல்.
கண்ணுக்குத் தெரியாத தகடுகள்
ஒளியைத் தடுக்கிவிடுகிற கோடு.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
வெளியே மங்களூர் வண்டி போய் முடிந்தது.

நூறு கிராம் போட்டால் ஒரு கிராம்கூடத் தேறாது.
'மற்றதைவிடக் குறைவல்லே?' என்றார் சார்.
குறைவுதான். அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

பழைய புட்டி மூன்று மிச்சம்.
ஆர்டர் அவசரமென்றால் அதைத் திறக்கச் சொல்வார்கள்,
அடுத்த மாதம் நான் இருக்கமாட்டேன்.
ஓணம் கழிந்து நபீசத்துக்கு நிக்காஹ்.
அலமாரிச் சாவி
என் பையில் இருக்கிறது.